தட்டாஞ்சாவடியில் என் தலைப்பைப் பிரித்துப் போட்டவள்

தலைப்பு வைப்பதில் நான் கெட்டிக்காரி என்று முப்பத்தாறு வயது வரை நம்பிக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூடத்தில் ஓவிய டீச்சராக இருந்தபோது ஆண்டு மலர், கண்காட்சி, வழியனுப்பு விழா எதுவானாலும் தலைப்புக்கு என்னிடம்தான் வருவார்கள். 'வண்ணங்களின் வாசலில்', 'தூரிகைத் தூறல்' என்று நானும் சளைக்காமல் அள்ளி விடுவேன். அந்த நினைப்பில் மண்ணை அள்ளிப் போட்டவள் தட்டாஞ்சாவடியில் ஃப்ளெக்ஸ் பேனர் கடை வைத்திருந்த ஒருத்தி. ஏழெட்டு வருஷம் ஆகிறது. இப்போது கடை அங்கே இல்லை. தவளக்குப்பம் பக்கம் போய்விட்டார்கள் என்று கேள்வி.

கடை தொழிற்பேட்டைக்குள், பிளாஸ்டிக் மூடி செய்யும் கம்பெனிக்குப் பக்கத்தில் இருந்தது. பின்னால் அச்சு மெஷினை அவள் புருஷன் பார்த்துக்கொள்வார். முன்னால் கம்ப்யூட்டரில் அவள். என்னைவிட மூன்று நான்கு வயது சின்னவள். கொண்டையில் எப்போதும் ஒரு பேனா செருகியிருக்கும். அதை வைத்து அவள் எதையும் எழுதி நான் பார்த்ததில்லை. வருகிறவர்கள் நீட்டும் காகிதத்தில் இருப்பதைக் கோடு போட்டு அடிப்பதற்கு மட்டும் உருவுவாள். கம்ப்யூட்டரில் மூன்றே மூன்று ஃபோல்டர்கள்: சந்தோஷம், துக்கம், கட்சி. உலகத்தில் நடக்கிற எதுவாக இருந்தாலும் இந்த மூன்றுக்குள் அடங்கிவிடும் என்பது அவள் கணக்கு.

முதல் தடவை நான் போனது ஏழாம் வகுப்புப் பிள்ளைகளின் ஓவியக் கண்காட்சிக்காக. 'வண்ணங்களின் வாசலில்' என்று அழகாக எழுதிக் கொடுத்தேன். படித்துவிட்டுக் கொண்டையில் கையை வைத்தாள்.

"யாரோட விசேஷம் டீச்சர் இது?"

"விசேஷம் இல்லப்பா. கண்காட்சி."

"சரி, யாரு வரைஞ்சது?"

"ஏழாங்கிளாஸ் பசங்க."

"என்னா வரைஞ்சாங்க?"

"அவங்கவங்க தெருவ."

"அத ஏன் எழுதல?"

கவித்துவம் என்று ஒன்று இருப்பதைப் பற்றி அவளுக்குக் கொஞ்ச நேரம் எடுத்துச் சொன்னேன். குறுக்கே பேசாமல் கேட்டாள். "அது இருக்கட்டும் டீச்சர். காது குத்துன்னா யாருக்குக் காது, எந்த மண்டபம்னு போடறோம். போடலன்னா மொய் எடுத்துக்கினு வர்றவன் எங்க போவான்?" என்றாள். மறுநாள் வந்த பேனரில் 'ஏழாங்கிளாஸ் பிள்ளைங்க வரைஞ்ச எங்க தெரு' என்று கொட்டை எழுத்தில் இருந்தது. என்னுடைய வாசல் கீழே ஒரு மூலையில், ரோஜாப்பூவுக்குப் பக்கத்தில், பூவை விடச் சின்னதாகக் கிடந்தது.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஆனால் வழக்கமாக ஈ காக்கை எட்டிப் பார்க்காத எங்கள் கண்காட்சிக்கு அந்த வருஷம் தெருத் தெருவாக ஆட்கள் வந்தார்கள். ஒரு மளிகைக் கடைக்காரர் தன் கடை ஷட்டரைக் கோணலாக வரைந்துவிட்டதாகப் பஞ்சாயத்து வைத்தார். இதை நான் அவளிடம் போய்ச் சொல்லவில்லை. சொன்னால் தலைக்கு மேல் ஏறிவிடுவாள் என்று பயம்.

யார், என்ன, எங்கே. இந்த மூன்றும் இருந்தால் அவளுக்குப் போதும். "மீதியெல்லாம் பூவு" என்பாள். பூ வேண்டாம் என்று சொல்ல மாட்டாள். எங்கே வைப்பது என்பதில்தான் தகராறு. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கும் ஒரு பழைய சிப்பாய், எங்கள் ஊர் வழக்கில் சொல்தா, தன் எண்பதாவது பிறந்தநாளுக்குப் பதினோரு வரி வாசகம் கொண்டுவந்தார். எந்தப் படை, எந்தெந்த நாடு, என்னென்ன மெடல் என்று ஒன்று விடாமல் இருந்தது. "முசே, இதுல பொறந்தவரு எங்க?" என்று கேட்டாள். இருவரும் சேர்ந்து தேடினார்கள். மனிதர் தன் பெயரைப் போட மறந்திருந்தார். கட்சிக்காரர்கள் முப்பது போட்டோவோடு வந்தால், "இதுல யாருக்குப் பொறந்தநாளு?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டு வம்பை விலைக்கு வாங்குவாள்.

கேள்வி கேட்காத இடம் ஒன்றே ஒன்றுதான். கண்ணீர் அஞ்சலிக்கு வருகிறவர்களிடம் அவள் வாயைத் திறக்க மாட்டாள். ஸ்டூலை இழுத்துப் போட்டு, தண்ணீர் கொடுத்து, போட்டோவை வாங்கிக்கொள்வாள். எழுதிக் கொடுத்ததில் தப்பு இருந்தால் தானே சரி பண்ணிக்கொள்வாள். மற்ற வேலையெல்லாம் ஓரம் போய்விடும். ஒரு மணி நேரத்துக்குள் அடித்து, கட்டுகிற ஆளோடு தானும் ஒரு மாலை வாங்கிக்கொண்டு அந்த வீட்டுக்குப் போய்விடுவாள். "எழவு வீட்டுல போயி யாரு என்னான்னு கேக்கறது மனுச லட்சணமா?" என்பாள். அவளை எனக்கு முதலில் பிடித்தது இதற்காகத்தான்.

பிறகு நான் பள்ளிக்கூடத்துக்கு விடுப்புப் போட்டுவிட்டு முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்தேன். எங்கள் துறையில் கலைவழி ஆய்வு என்று ஒன்று உண்டு. கேள்விக்குப் பதிலைப் புத்தகத்தில் மட்டும் தேடாமல் வரைந்தும் நடித்தும் பாடியும் தேடுவது. கேட்க நன்றாக இருக்கும். ஆனால் தலைப்பு எழுதும் நேரம் வந்ததும் எங்கள் எல்லோருக்கும் ஒரு கூச்சம் வந்துவிடும். பக்கத்துத் துறைக்காரர்கள் 'படம் போட்டுப் பட்டம் வாங்குகிறார்கள்' என்று சொல்லிவிடுவார்களோ என்று அஞ்சி, படம் போட்டதைத் தலைப்பில் தெரியாமல் பார்த்துக்கொள்வோம்.

என்னோடு படித்த ஒருவர் மீன் மார்க்கெட்டில் வியாபாரம் செய்யும் பெண்களோடு சேர்ந்து ஒரு வருஷம் நாடகம் போட்டார். அவர் தலைப்பில் கடல் இருந்தது, அலை இருந்தது, அதிகாரம் இருந்தது, எதிர்ப்பு இருந்தது. பேனர் அடிக்க நான்தான் அவரைத் தட்டாஞ்சாவடிக்குக் கூட்டிப்போனேன்.

"இதுல நீங்க என்னா சார் பண்ணீங்க?" என்றாள்.

"நாடகம் போட்டேன்."

"அது எங்க எழுதி இருக்குது?"

அவர் காகிதத்தை வாங்கி மேலும் கீழும் பார்த்தார். இல்லை.

"நாடகம் போட்டேன்னு சொல்றதுக்கு வெக்கமா இருக்குதா சார்?" என்றாள். கிண்டலாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். அவர் காகிதத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். திரும்பி வரும் வழியெல்லாம் நான் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டு வந்தேன். அடுத்தவன் மாட்டிக்கொண்டால் வருகிற சிரிப்புதான்.

என் ஆய்வு, மூடிப்போன மில்லில் நூல் சுற்றும் பகுதியில் வேலை பார்த்த எட்டுப் பெண்களைப் பற்றியது. ஒவ்வொருவருக்கும் ஒரு வெள்ளை வேட்டித் துணியும் கரியும் கொடுத்து, மில்லை ஞாபகத்திலிருந்து வரையச் சொன்னேன். முதலியார்பேட்டையில், எட்டுப் பேரில் ஒருவரான தனபாக்கியம் அத்தை வீட்டு மாடியில் ஆறு மாதம் இது நடந்தது. அறுபதை நெருங்கும் பெண்கள் துணியின் மேல் மண்டிபோட்டு உட்கார்ந்துகொண்டு, கதவு எங்கே, தண்ணீர்க் குழாய் எங்கே என்று ஒருவர் வாயை ஒருவர் அடக்கி வரைந்தார்கள். எட்டுத் துணியில் எட்டு மில் வந்தது. எதிலும் மெஷின் பெரிதாக இல்லை. தாங்கள் நின்ற இடத்தைத்தான் ஒவ்வொருத்தியும் பெரிதாகப் போட்டிருந்தாள். அதுதான் என் ஆய்வின் உயிர் என்று எனக்குத் தெரிந்திருந்தது.

தெரிந்து என்ன பயன்? தலைப்பு என்று உட்கார்ந்ததும் கை தன் பழைய வேலையைக் காட்டிவிட்டது. 'மௌனித்த விரல்கள், நீங்காத நினைவுகள்: ஆலைப் பெண் தொழிலாளர்தம் உடல்வெளியின் அழகியலை முன்வைத்து ஓர் ஆய்வு.' என் வழிகாட்டிப் பேராசிரியருக்கு அது மிகவும் பிடித்துப்போனது. தலைப்பில் கோட்பாடு தெரிகிறது என்று பாராட்டினார்.

ஒரு வெள்ளிக்கிழமை ஆய்வுக் குழு வருவதாக ஏற்பாடு. துணிகளை அரங்கில் விரிக்க வேண்டும். எட்டுப் பெண்களும் அவரவர் துணி மேல் நின்று குழுவோடு பேச வேண்டும். அதைப் பார்த்துத்தான் தலைப்புப் படிவத்தில் கையெழுத்து விழும். பெண்கள் வராவிட்டால் அது வெறும் கரி பூசிய எட்டு வேட்டி. ஆறு மாத உழைப்பு அதோடு போயிற்று.

செவ்வாய்க்கிழமை பேனர் கொடுக்க வேண்டும். நேரில் போனால் பேனாவை உருவுவாள். என் தலைப்பைப் பற்றி அவள் என்ன கேட்பாள் என்பது எனக்கு நன்றாகவே தெரியும். அதனால் ஒரு வேலை செய்தேன். எட்டுப் பேரின் போட்டோவையும் தலைப்பையும் என் பெயரையும் துறையையும் வாட்ஸ்அப்பில் அனுப்பி, 'அவசரம், இன்றைக்கே வேண்டும்' என்று எழுதிவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தேன். ஐந்து நிமிடத்தில் பதில் வந்தது. கூப்பிய கை ஒன்று, அவ்வளவுதான். ஒரு கேள்வி கூட இல்லை. தப்பித்தேன் என்று டீ போட்டுக் குடித்தேன்.

மத்தியானம் தனபாக்கியம் அத்தையிடமிருந்து போன்.

"எங்கம்மா இருக்க?"

"வீட்டுலதான் அத்த. சொல்லுங்க."

"ஒண்ணுமில்ல. நான் எப்ப செத்தேன்னு கேக்கலாம்னுதான் போன் பண்ணேன்."

நான் ஆட்டோ பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது தெருமுனையில் பாதி முதலியார்பேட்டை நின்றது. மின்கம்பத்துக்கும் வேப்ப மரத்துக்கும் நடுவில் பேனர் கட்டியிருந்தது. கறுப்புப் பின்னணி. இரண்டு பக்கமும் குத்துவிளக்கு. மேலே 'கண்ணீர் அஞ்சலி'. அதன் கீழ் மஞ்சள் எழுத்தில் என் தலைப்பு, ஒரு எழுத்து மாறாமல். வட்டத்துக்குள் எட்டு முகங்கள். அடியில் 'ஆறாத் துயருடன்' என்று போட்டு என் பெயரும் துறையும்.

நடந்தது இதுதான். 'நீங்காத நினைவுகள்' என்பதைப் படித்ததும் அவள் துக்கம் ஃபோல்டரைத் திறந்திருக்கிறாள். எட்டுப் பேரும் ஒரே வேனில் எங்கோ போய் விபத்தில் சிக்கிவிட்டார்கள் என்று நினைத்திருக்கிறாள். 'கண்ணீர் அஞ்சலி' என்று எழுத டீச்சருக்குக் கை வரவில்லை போலிருக்கிறது என்று தானே சேர்த்துக்கொண்டாள். போன வருஷம் தனபாக்கியம் அத்தையின் பேரனுக்குக் காதணி விழா பேனர் அடித்தது அவள்தான், அதனால் முகத்தையும் வீட்டையும் தெரியும். துக்கம் கேட்க வந்துவிட்டாள்.

"கதவ தொறக்கறேன், கையில மாலையோட ஒரு பொண்ணு நிக்குது" என்றார் அத்தை. "என்னப் பாத்துட்டு அப்படியே மூணு படி பின்னாலேயே எறங்கிடிச்சி."

அதற்குள் எட்டுப் பேரில் ஐந்து பேர் தங்கள் சாவைப் பார்க்க வந்துவிட்டார்கள். ஒருத்தி தன் போட்டோ நன்றாக விழுந்திருக்கிறது என்றாள். இன்னொருத்திக்கு இரண்டாவது வரிசையில் போட்டதில் வருத்தம். மாலையை வேப்ப மரத்துக்குப் போட்டிருந்தார்கள். கடைக்காரி மரத்தடியில் முகம் செத்துப் போய் நின்றாள். அவளை அந்த மாதிரி நான் பார்த்ததே இல்லை.

"செத்துட்டதா பேச்சு வந்தா ஆயுசு கெட்டின்னு சொல்லுவாங்க" என்று அவள் மெதுவாகச் சொன்னதும் கூட்டம் சிரித்தது. அத்தையும் சிரித்தார். அதோடு முடிந்திருக்கும். ஆனால் அவளுக்கு மனசு ஆறவில்லை. என்னைப் பார்த்ததும், "டீச்சர், உசுரோட இருக்கறவங்களுக்கு நீங்காத நினைவுகள்னு யாராச்சும் எழுதுவாங்களா?" என்று கேட்டுவிட்டாள்.

அத்தை என் பக்கம் திரும்பினார்.

"அது இந்தப் பொண்ணு எழுதனது இல்லையா? நீ எழுதனதா?"

"ஆமா அத்த. அது ஆய்வுக்கு வெச்ச தலைப்பு."

அவர் பேனரை மறுபடி படித்தார், இந்தத் தடவை ஒவ்வொரு சொல்லாக. "மௌனித்த விரல்கள்னா என்னாம்மா?"

"பேச முடியாம... பேசாம போன வெரலுன்னு..."

"ஆறு மாசம் எங்க வீட்டு மாடில ஒங்கிட்ட வாய் வலிக்க வலிக்கப் பேசனோம். கையெல்லாம் கரியாக்கிக்கினு வரைஞ்சோம். நீயும் உக்காந்து கேட்டுக்கினுதான இருந்த. அதுக்குப் பேரு மௌனமா?"

சிரித்துக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டார்கள்.

"வெள்ளிக்கெழம நாங்க வரல" என்றார். "செத்தவங்க வந்து எப்படிப் பேசறது? நீயே பேசிக்க."

கோபமாகச் சொல்லியிருந்தால் காலைப் பிடித்தாவது சமாதானம் செய்திருப்பேன். அவர் கோபப்படவில்லை. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். எனக்கு அவமானமாக இருந்தது. ஆய்வு போகிறதே என்பதுகூட அப்புறம்தான் உறைத்தது.

மறுநாள் காலை நான் அத்தை வீட்டுக்குப் போகத் துணிவில்லாமல் தட்டாஞ்சாவடிக்குப் போனேன். கடையில் அவள் இல்லை. புருஷன் மட்டும் இருந்தார். எட்டு வீட்டுக்கும் ஸ்கூட்டியில் போயிருப்பதாகச் சொன்னார். பதினோரு மணிக்கு வந்தாள்.

"நாளைக்குக் காலைல பத்து மணிக்கு எல்லாரும் இங்க வராங்க. நீங்களும் வாங்க."

"எப்படிப்பா ஒத்துக்கிட்டாங்க?"

"ஒங்களுக்காக வரல. உசுரோட இருக்கறவங்க மூஞ்சிய அந்த டிசைன்ல போட்டேன், சுத்திப் போடணும், வந்துதான் ஆவணும்னு கால்ல விழாத கொறையா கேட்டேன்."

வியாழக்கிழமை எட்டுப் பேரும் ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கினார்கள். அவளே உப்பும் மிளகாயும் எடுத்து ஒவ்வொருத்திக்கும் மூன்று சுற்றுச் சுற்றி, வாசலில் நெருப்பில் போட்டாள். எட்டுப் பேர் கண்ணேறும் சேர்ந்து வெடித்ததில் பிளாஸ்டிக் மூடிக் கம்பெனிக்காரர்கள் இருமிக்கொண்டு வெளியே வந்தார்கள். பிறகு ஃப்ளெக்ஸ் சுருள்களின் மேல் எல்லோரையும் உட்காரவைத்து டீயும் மசால்வடையும் கொடுத்தாள். எனக்கும் கொடுத்தாள், கடைசியாக.

"இப்ப சொல்லுங்க. யாரோட விசேஷம்?"

"எங்களுது" என்றார் அத்தை, என்னைப் பார்க்காமல்.

"எத்தினி பேரு?"

"எட்டு."

"என்னா பண்ணீங்க?"

"மில்ல வரைஞ்சோம்."

"மில்ல எங்க வரைஞ்சோம்? நாம நின்ன எடத்தத்தான வரைஞ்சோம்" என்றாள் இன்னொருத்தி. அதற்கு ஒரு சண்டை. நின்ற இடம்தான் மில் என்று ஒரு கட்சி, சுவர் இல்லாமல் மில் எப்படி என்று ஒரு கட்சி. கடைக்காரி விசைப்பலகையில் கை வைத்தபடி சண்டை முடியும்வரை காத்திருந்தாள்.

"பாத்து வரைஞ்சீங்களா?"

"பாக்கறதுக்கு மில்லு எங்க இருக்குது? எல்லாம் ஞாபகத்துலதான்."

"எதுல வரைஞ்சீங்க?"

"வேட்டித் துணில."

அவள் தட்டத் தொடங்கினாள். என் பேராசிரியர் எப்படிப் படிப்பார் என்று ஒரு நினைப்பு அவளுக்கும் இருந்திருக்க வேண்டும், மொழியைக் கொஞ்சம் திருத்தமாகப் போட்டாள். 'மில்லில் நாங்கள் நின்ற இடம்: எட்டுப் பெண்கள் நினைவிலிருந்து துணியில் வரைந்த வரைபடங்கள்.'

சத்தமாகப் படித்துக் காட்டினாள். யாரும் அர்த்தம் கேட்கவில்லை. நான் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். என் ஆய்வு யாரைப் பற்றியது, என்ன கேட்டேன், எந்தக் கலையால் கேட்டேன் எல்லாம் ஒரே வரியில் இருந்தது. இத்தனை நாளாக நான் மறைத்துக்கொண்டிருந்த துணியும் கரியும் வெளிச்சத்துக்கு வந்திருந்தன. வெட்கமாக இல்லை. நன்றாக இருந்தது.

"டீச்சர், ஒங்க பூவு எங்க வெக்கணும்?" என்றாள்.

"வேணாம்பா."

"அவங்க பேரெல்லாம் சொல்லுங்க."

ஆய்வு விதிப்படி பெயரை மறைத்து எண் போட வேண்டும் என்றேன். "மறைக்கறதுக்கு நாங்க என்னா திருடியா வரைஞ்சோம்?" என்று அத்தை முதல் முறையாக என்னிடம் நேராகப் பேசினார். பெயர் வேண்டும் என்று அவர்களே எழுதிக் கையெழுத்துப் போட்டால் போடலாம் என்று அதே விதியில் ஒரு வரி இருந்தது எனக்கு நினைவுக்கு வந்தது. அங்கேயே எட்டுப் பேரும் போட்டார்கள். அத்தை கையெழுத்துப் போட்டுவிட்டுக் காகிதத்தை என்னிடம் நீட்டினார். "நாளைக்கு எத்தினி மணிக்கு?" என்றார்.

பேராசிரியருக்குப் போன் செய்து தலைப்பைச் சொன்னேன். "ரொம்ப வெளிப்படையா இருக்கேம்மா. கோட்பாடு எங்க?" என்றார். "உள்ள இருக்கு சார்" என்றேன். நாளைக்குப் பார்க்கலாம் என்று வைத்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை பேனரை அவளே ஆட்டோவில் கொண்டுவந்து அரங்கில் விரித்தாள். மேலே எட்டுப் பெண்கள் பெயரோடு ஆள் உயரத்துக்கு நின்றார்கள். நடுவில் தலைப்பு. சரி. ஆனால் அடியில், காது குத்து பேனரில் தாய்மாமன்கள் வருகிற இடத்தில், ஆய்வுக் குழுவின் நான்கு பேராசிரியர்களும் கோலிக்குண்டு அளவுக்கு நான்கு வட்டத்தில் கூப்பிய கையோடு இருந்தார்கள். 'வாழ்த்த வருகை தரும் பெருமக்கள்'. முகத்தை இணையத்தில் தேடி எடுத்தாளாம். கை யாருடையதோ.

"வர்றவங்க மூஞ்சிய போடாம எப்படி டீச்சர்? கோச்சிக்குவாங்க" என்றாள்.

வெளியூரிலிருந்து வந்த பேராசிரியர் பேனருக்கு முன்னால் நின்று தன் வட்டத்தை வெகு நேரம் பார்த்தார். அவர் சொன்னது ஒன்றுதான், பெயருக்குப் பின்னால் பட்டம் விட்டுப்போயிருக்கிறது.

பிறகு பெண்கள் துணி மேல் ஏறி நின்றார்கள். தனபாக்கியம் அத்தை வரைந்ததில் ஒரு கதவு மட்டும் மில்லின் பாதி அகலத்துக்கு இருந்தது. கதவு ஏன் இவ்வளவு பெரிது என்று வெளியூர்ப் பேராசிரியர் கேட்டார். "அங்க இருந்துதான் காத்து வரும் சார். எட்டு மணி நேரம் நின்னா ஒங்களுக்கும் அது பெரிசாத்தான் தெரியும்" என்றார் அத்தை. பேராசிரியர் செருப்பைக் கழற்றிவிட்டுத் துணிக்குள் வந்து, அத்தை காட்டிய இடத்தில் கதவைப் பார்த்து நின்றுகொண்டார். எனக்கு அழுகை வந்தது. யாருக்கும் தெரியாமல் துடைத்துக்கொள்ளவும் முடியவில்லை, கையெல்லாம் கரி.

படிவத்தில் கையெழுத்துப் போடும் முன் என் வழிகாட்டி எட்டுப் பேரிடமும், "இந்தத் தலைப்பு உங்களுக்குச் சம்மதம்தானே?" என்று கேட்டார்.

"நாங்க வெச்சதுதான சார்" என்றார் அத்தை. நான்கு கையெழுத்தும் விழுந்தன.

பேனரை அத்தை கேட்டு வாங்கிக்கொண்டு போனார். அதே தெருமுனையில், அதே மின்கம்பத்தில் கட்டச் சொன்னார். செத்துட்டேன்னு படிச்ச கண்ணு பூரா இதையும் படிக்கட்டும் என்றாராம்.

கட்டிய நாலாம் நாள் அத்தை மறுபடி போன் செய்தார். பின் தெருவில் இருக்கும் ஒரு பெண், அதே மில்லில் வேறு ஷிப்டில் இருந்தவர், கறிகாய் வாங்கப் போனவர் பேனருக்குக் கீழ் அரை மணி நேரமாக நிற்கிறாராம். "எட்டுப் பேருதான் நின்னீங்களா? அப்ப நான் எங்க நின்னேன்?" என்று கேட்கிறாராம்.

"நீங்க என்ன சொன்னீங்க அத்த?"

"என்னா சொல்றது? எங்க வீட்டுக்காரரு வேட்டி ஒண்ணு எடுத்துக் குடுத்துட்டேன். மாடில ஒக்காந்து வரையறா. நீ வா."

நான் தட்டாஞ்சாவடிக்கு ஓடினேன். படிவம் போய்விட்டது, எட்டு என்று கையெழுத்தாகிவிட்டது, இனி ஒரு எழுத்து மாற்ற முடியாது என்று அவளிடம் புலம்பினேன். அவள் நான் சொன்ன எதையும் காதில் வாங்கவில்லை. அதே எழுத்து, அதே நிறத்தில் 'ஒன்பது' என்று ஸ்டிக்கர் வெட்டி, கீழே ஒட்ட அந்தப் பெண்ணின் பெயரையும் வெட்டி, ஸ்கூட்டியில் ஏறி உட்கார்ந்துகொண்டு என்னைப் பார்த்தாள். ஏணியை நான்தான் பிடித்தேன். அடுத்த வாரம் பத்து. தீபாவளிக்குள் பன்னிரண்டு. வெயிலில் வெளுத்துப் பேனரைக் கழற்றும்போது பதினான்கு.

ஆய்வேடு பைண்டிங் ஆகி வந்ததும் முதலில் அவளிடம்தான் கொண்டுபோனேன். பொன் எழுத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, "எட்டுன்னே இருக்குதே டீச்சர்" என்றாள். நூலகத்துக்குப் போகிற புத்தகம், அப்படித்தான் இருக்கும் என்றேன். பாவமாக என்னைப் பார்த்தாள். பின்னால் போய்ப் பொன் நிறத் துண்டு ஒன்றைத் தேடி எடுத்து, விரல் நகம் அளவுக்கு 'பதினான்கு' என்று வெட்டிக் கொடுத்தாள்.

"ஒங்க வீட்டு புக்குலயாச்சும் ஒட்டிக்குங்க. உள்ள காத்து நிக்காம ஒட்டணும், இல்லன்னா உரிஞ்சிக்கும்."

காற்று நிற்காமல்தான் ஒட்டினேன். இன்னும் உரியவில்லை.